எழுத்து பாதி, படம் பாதி: ஜப்பானிய லாக்கர் பெட்டியில் ஒளிந்திருக்கும் பாட்டு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு கறுப்பு ஜப்பானிய லாக்கர் பெட்டி (வங்கி லாக்கர் அல்ல, மரத்தின் பாலைப் பூசி மெருகேற்றிய மரப்பெட்டி) இப்போது உங்களிடம் இருக்கிறது. மூடியில் தங்க நிறத்தில் அலைகள், பாறைகள், கூட்டமாகப் பறக்கும் சின்னப் பறவைகள். பாறைகளின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து எழுத்துகள். ஜப்பானிய நண்பர் ஒருவரிடம் படத்தைக் காட்டினால் அவருக்கே வாசிக்க வரவில்லை. பழம்பொருள் வியாபாரி ஒருவர் "எழுத்து அரைகுறையாக நிற்கிறது, முடிக்காமல் விட்ட சரக்கு" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இது 300 வருடப் பெட்டி என்று பேச்சு. விலை என்ன, எண்ணெய் போட்டுத் துடைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது அந்த எழுத்துகள்தான் என்று தோன்றுகிறது. அவை ஏன் ஒரு சொல்லாகக்கூடச் சேரவில்லை, இது உண்மையிலேயே குறையுள்ள பெட்டியா என்பதுதான் கேள்வி.

குறையில்லை. அது ஒரு பாட்டு. எழுத்தில் இல்லாத பகுதி படத்தில் இருக்கிறது. படத்திலும் இல்லாத பகுதி பார்ப்பவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்ட வேலை இது. நான் பழம்பொருள் பராமரிப்பில் பயிற்சி பெற்றவன். ஜப்பானிய லாக்கர் பொருட்களோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன், அவற்றில் வரும் பழைய எழுத்தையும் ஓரளவு வாசிப்பேன். அந்தப் பழக்கத்தில் எது உறுதியாகத் தெரிகிறது, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

உறுதியானது, மூடியில் உள்ள பாட்டு எது என்பது. கடற்கரைப் பாறை, அலை, கூட்டமாகச் சிதோரிப் பறவைகள், இவற்றோடு பாறையில் ஒளிந்த எழுத்துகள் என்று ஒரு பெட்டியில் சேர்ந்து வந்தால், ஜப்பானிய மரபு தெரிந்தவர்களுக்கு உடனே நினைவு வருவது 'கொகின்ஷூ' தொகுப்பின் 345ஆம் பாட்டு. அரச ஆணைப்படி 905ஆம் ஆண்டு வாக்கில் தொகுக்கப்பட்ட முதல் பாடல் தொகை அது. இருபது பகுதிகள், சுமார் 1,100 பாட்டுகள். அதில் ஏழாம் பகுதி முழுக்க வாழ்த்துப் பாடல்கள். இந்தப் பாட்டை எழுதியவர் பெயர் தெரியாது. பொருள் ஏறக்குறைய இப்படி வரும்: 'ஷியோ மலையில், சாஷிதே கரையில் வாழும் சிதோரிப் பறவைகள், உன் காலம் எட்டாயிரம் தலைமுறை என்று கூவுகின்றன.' சிதோரி என்பது நம் ஊர்க் கடற்கரையில் ஓடித் திரியும் உப்புக்கொத்தி இனத்துப் பறவை. அதன் கூவல் ஜப்பானியர் காதுக்கு 'சியோ' என்று விழுகிறது; அவர்கள் மொழியில் அது 'ஆயிரம் தலைமுறை'. அதனால் அந்தப் பறவையைக் கண்டாலே நீண்ட ஆயுளுக்கான வாழ்த்து கேட்டது போலத்தான்.

இந்தப் பாட்டை வைத்துச் செய்த புகழ்பெற்ற பழைய பெட்டி ஒன்று கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முரோமாச்சி காலத்தைச் சேர்ந்தது, 15ஆம் நூற்றாண்டு, எழுதுபொருள் வைக்கும் பெட்டி. அதிலும் எழுத்துகள் காட்சியோடு காட்சியாகக் கலந்துதான் கிடக்கும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்துப் பாறையின் நிழல் கோடு ஒன்று கீழே இறங்கி வளைகிறது அல்லவா, அது 'ஷி' என்ற எழுத்து. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு அடுத்த பாறையில் இருப்பது 'ஹோ' போல இருக்கிறது. பழைய எழுத்து முறையில் ஷியோவை 'ஷி-ஹோ' என்றுதான் எழுதுவார்கள். ஆனால் அந்த இடத்தில் தங்கம் தேய்ந்திருப்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். வலது பக்கம் இருப்பது 'மலை' என்பதற்கான எழுத்து. பறவையை எழுத வேண்டிய தேவையே இல்லை, அதுதான் பறந்துகொண்டிருக்கிறதே.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றுண்டு. ஷியோ மலையும் சாஷிதே கரையும் பொதுவாக இன்றைய யமனாஷி மாநிலத்து இடங்களாகக் காட்டப்படுகின்றன. யமனாஷி மாநிலத்துக்குக் கடலே கிடையாது, சுற்றிலும் மலை. சாஷிதே கரை என்று அங்கே காட்டுவது ஃபுயெஃபுகி ஆற்றங்கரையை. ஆனால் 'ஷியோ' என்றால் உப்பு, கடலோதம் என்ற நினைவு வரும்; 'இசோ' என்றால் கடற்கரைப் பாறை. தலைநகரை விட்டு நகராத பிரபுக்கள் பாட்டை வாசித்து வாசித்து அந்த இடத்தை மனதில் கடலாகவே ஆக்கிக்கொண்டார்கள். லாக்கர் கைவினைஞரும் ஆற்றை வரையவில்லை, பொங்கும் கடலை வரைந்தார். பாட்டில் வரும் ஊருக்கு யாரும் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டியதில்லை. ஊரின் பெயரைச் சொன்னால் இன்ன பூ, இன்ன பறவை, இன்ன உணர்ச்சி என்று ஒரு முழுக் கட்டு மனதில் எழும். குறிஞ்சி என்றால் மலையும் கூடலும் தானாக வரும் என்று படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

சரி, ஜப்பானிய நண்பருக்கு ஏன் வாசிக்க வரவில்லை? அவர் மேல் தவறே இல்லை. முன்பு ஒரே ஒலிக்கு நான்கைந்து விதமான எழுத்துருக்கள் புழக்கத்தில் இருந்தன. எழுதுபவர் அழகுக்கும் இடத்துக்கும் ஏற்ப ஒன்றை எடுத்துக்கொள்வார். 1900ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளுக்கான விதிகளில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று வரையறுத்தார்கள். அதன் பிறகு மற்ற வடிவங்கள் பொது வழக்கிலிருந்து மெல்ல மறைந்தன. இன்று பள்ளியில் படித்த ஒருவர் பழைய வடிவங்களை வாசிக்க வேண்டுமென்றால் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். அதுவும் தூரிகையின் ஒரே இழுப்பில் சுழித்து எழுதியது, வரிசை இல்லாமல் பாறைக்கும் புல்லுக்கும் நடுவே சிதறிக் கிடப்பது என்றால் கேட்கவே வேண்டாம். நாணல் போலவும் நீர்ப்பறவை போலவும் எழுத்தை வளைத்துக் காட்சிக்குள் மறைக்கும் இந்த முறைக்கு 'அஷிதே' என்று பெயர். ஹெயான் காலத்திலேயே, அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அரண்மனை வட்டாரத்தில் இது பழக்கம். முதலில் தாளில் வந்தது, அப்புறம் லாக்கரில்.

எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவது எவ்வளவு யோசித்துச் செய்யும் காரியம் என்பதற்கு ஒரு பெட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள 'படகுப் பாலம்' எழுதுபொருள் பெட்டி. ஹொன்அமி கோயெட்சு (1558–1637) என்ற கலைஞரின் பெயரோடு வழங்குவது, ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று. பக்கம் சுமார் 24 சென்டிமீட்டர்தான். மூடி தட்டையாக இருக்காது, நன்றாக உப்பி எழுந்திருக்கும். பொன்தூள் தரையில் படகுகள் வரிசையாக நிற்கின்றன, இடையே மெல்லிய அலைக் கோடுகள். அந்தப் படகுகளுக்குக் குறுக்கே, மூடியின் முதுகைத் தழுவிக்கொண்டு இரண்டு பக்கமும் இறங்குகிறது அகலமான ஈயப் பட்டை ஒன்று. பளபளக்கும் தங்கத்தின் மேல் மங்கலான சாம்பல் நிறத்து ஈயம்! முதல் முறை பார்ப்பவருக்கு யாரோ ஒட்டுப் போட்டது போலக்கூடத் தெரியலாம். வெள்ளித் தகட்டில் வெட்டிய எழுத்துகள் அந்த ஈயத்தின் மேலும் தங்கத்தின் மேலும் பரவிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து வாசித்தால் 'கொசென்ஷூ' என்ற இரண்டாவது அரசத் தொகையில் வரும் மினமோட்டோ நோ ஹிட்டோஷியின் காதல் பாட்டு: 'கிழக்குச் சாலையில் சானோ என்ற இடத்தில் படகுப் பாலம் போட்டிருக்கிறது, அதுபோல என் நினைவு உன்னை நோக்கிக் கடந்துகொண்டே இருக்கிறது, அதை அறிந்தவர் ஒருவருமில்லை.' வெள்ளி எழுத்துகளை எண்ணிப் பார்த்தால் ஒரு சொல் குறையும். 'படகுப் பாலம்' என்ற அந்தச் சொல்லை எழுதவில்லை. ஈயப் பட்டைதான் அந்தச் சொல். வாசிக்கும் கண் எழுத்திலிருந்து பாலத்தில் ஏறி, மறுபடி எழுத்துக்குப் போக வேண்டும். உங்கள் பெட்டியைப் பழுது என்று சொன்ன வியாபாரி இதைப் பார்த்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் ஒகாட்டா கோரின் (1658–1716). அவருடைய 'எட்டுப் பாலம்' பெட்டியும் அதே அருங்காட்சியகத்தில்தான், அதுவும் தேசியச் செல்வம். மேல் தட்டில் மைக்கல், அதாவது மை உரைக்கும் கல்; கீழ்த் தட்டில் தாள். அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. கறுப்புத் தரையில் ஐரிஸ் பூக்கள் சிப்பியில் மின்னுகின்றன, இலைகள் தங்கத்தில், அவற்றினூடே ஈயப் பலகைப் பாலம் மூடியிலிருந்து பக்கங்களுக்கு மடங்கி இறங்குகிறது. ஐரிஸும் பலகைப் பாலமும் சேர்ந்தால் 'இசே மொனொகத்தாரி' என்ற பழைய கதைத் தொகுப்பின் ஒன்பதாம் கதை என்று படித்தவர்கள் அனைவருக்கும் தெரியும். தலைநகரில் இருக்கப் பிடிக்காமல் கிழக்கே போகும் ஒருவன், மிக்காவா நாட்டில் எட்டுப் பாலம் என்ற சதுப்பு நிலத்தருகே இறங்கிக் கட்டுச்சோறு சாப்பிட உட்காருகிறான். அங்கே பூத்திருக்கும் பூவின் பெயர் ககித்ஸுபட்டா. அந்த ஐந்து அசைகளை ஐந்து அடிகளின் முதலில் வைத்துப் பாடு என்று கூட வந்தவர் கேட்க, அவன் பாடுகிறான்: உடுத்தி உடுத்தி உடம்போடு பழகிப்போன ஆடை போன்றவள் ஊரில் இருக்கிறாள், நானோ எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று. கேட்டவர்கள் எல்லோரும் அழ, காய்ந்த சோற்றில் கண்ணீர் விழுந்து சோறு ஊறிப்போனது என்று அந்தக் கட்டம் முடிகிறது. கோரின் பெட்டியில் அந்த மனிதனும் இல்லை, சோறும் இல்லை. பெட்டியை எதிரில் வைத்துக்கொண்டு மை உரைப்பவர்தான் அந்தப் பாலத்தருகே உட்கார்ந்திருப்பவர்.

இப்படிப்பட்ட பெட்டி யாருக்குத் தேவைப்பட்டது என்பதும் சொல்ல வேண்டும். மைக்கல், தூரிகை, நீர் விடும் சின்னக் குப்பி எல்லாம் வைக்கும் பெட்டி இது. அதைத் திறந்தாலே கடிதமோ பாட்டோ எழுதப் போகிறோம் என்று அர்த்தம். அந்தச் சமூகத்தில் கடிதம் என்றால் பெரும்பாலும் முப்பத்தொரு அசைப் பாட்டு ஒன்று அதில் இருக்கும். அதனால் பாட்டைச் சுமந்த பெட்டி என்பது அலங்காரத்துக்காக மட்டும் வந்ததல்ல. திருமணச் சீரிலும் இதே வழக்கம். அதற்குச் சிகரமாக ஒரு சீர்வரிசை நாகோயாவில் தோக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகுன்களில் மூன்றாமவர் தோக்குகாவா இயெமிட்சுவின் மூத்த மகள் சியோஹிமே 1637இல் பிறந்தாள். 1639இல் ஒவாரி குடும்பத்து மிட்சுடோமோவுக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். மணப்பெண்ணுக்கு அப்போது முழுதாக மூன்று வயதுகூட ஆகவில்லை. கோஅமி வம்சத்துப் பத்தாம் தலைமுறைக் கலைஞர் நகாஷிகே செய்த அலமாரிகள், பெட்டிகள், கண்ணாடித் தாங்கி என்று பெரும்பாலானவற்றில் ஒரே பாட்டின் காட்சி, எழுத்துகள் மரங்களிலும் பாறைகளிலும் சிதறிக் கிடக்கும். ஆயிரம் ஆண்டுப் பழைய நெடுங்கதையான 'கெஞ்சி மொனொகத்தாரி'யின் 23ஆம் அத்தியாயத்தில் வரும் பாட்டு அது. அகாஷி என்ற பெண், தன் ஒரே மகளை நல்ல எதிர்காலத்துக்காக வேறொரு பெண்ணிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டாள். ஒரே மாளிகையில் இருந்தும் மகள் முகத்தைப் பார்க்க முடியாது. புத்தாண்டு நாளில் பரிசோடு எழுதி அனுப்புகிறாள்: ஆண்டும் மாதமுமாகக் காத்துக் கிழவியாகிறவளுக்கு, உகுயிசுக் குருவியின் முதல் குரலை இன்று கேட்கச் செய்.

பைன் மரத்தைக் குறிக்கும் ஒலியும் காத்திருப்பதைக் குறிக்கும் ஒலியும் ஜப்பானியத்தில் ஒன்று, 'மட்சு'. எனவே அந்தச் சீர்ப் பொருட்களில் நிற்கும் ஒவ்வொரு பைன் மரமும் காத்திருக்கும் தாய். அதை நடக்கத் தொடங்கிய குழந்தையின் கல்யாணச் சீரில் பதித்திருக்கிறார்கள். புத்தாண்டு மங்கலம், இளவரசியாக உயரப்போகும் பெண் குழந்தை என்பதற்காகத்தான் அந்த அத்தியாயத்தைத் தேர்ந்தார்கள் என்று சொல்வது நியாயமான விளக்கம். ஆனால் பாட்டை அறிந்தவர்கள் யாரும் அதில் உள்ள பிரிவைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு. ஆவணத்தில் எழுதி வைத்தது அல்ல.

இனி உங்கள் பெட்டியின் வயது. இங்கேதான் நான் பின்வாங்க வேண்டியிருக்கிறது. பாட்டு ஆயிரம் வருடப் பழசு, காட்சியமைப்பு ஐந்நூறு வருடப் பழசு என்பதால் பெட்டியும் பழசு என்று ஆகிவிடாது. புகழ்பெற்ற காட்சிகளை எடோ காலம் (1603–1868) முழுக்கவும், மெய்ஜி காலத்தில் (1868–1912) வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காகவும், அப்புறம் 20ஆம் நூற்றாண்டிலும் திரும்பத் திரும்பச் செய்தார்கள். 1815இல் சகாய் ஹோயிட்சு என்ற ஓவியர், கோரினின் நூறு படைப்புகளைப் படப் புத்தகமாக அச்சிட்டார். அத்தகைய புத்தகங்கள் கையில் கிடைத்த பிறகு எந்தப் பட்டறையிலும் அந்தக் காட்சிகளைச் செய்ய முடிந்தது. கீழே கையெழுத்து இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். பெரிய பெயர்களைப் பிற்காலத்தில் பொறிப்பது சர்வ சாதாரணம்; அதே சமயம் முரோமாச்சி காலப் பெட்டிகளில் பெரும்பாலும் கையெழுத்தே இருக்காது. படத்தை மட்டும் பார்த்து 300 வருடம் என்றோ 60 வருடம் என்றோ யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். விலையும் அப்படித்தான். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் எந்தத் தொகையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் கையில் வேலை செய்ததா, அச்சடித்ததா என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதற்கு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும். மெல்லிய மரப் பெட்டிக்குத் துணி ஒட்டி, மண்ணும் லாக்கரும் கலந்த பூச்சைப் பல முறை பூசித் தேய்த்து, அதன் மேல் கறுப்பு லாக்கரைப் படலம் படலமாக ஏற்றுவார்கள். பிறகு மெல்லிய தூரிகையால் லாக்கரிலேயே படம் வரைந்து, அது காய்வதற்கு முன், முனையில் சல்லாத் துணி கட்டிய சின்னக் குழாயில் பொன்தூளை எடுத்து விரலால் தட்டித் தட்டித் தூவுவார்கள். தூள் ஈரமான கோட்டில் மட்டும் ஒட்டும். காய்ந்ததும் மேலே மறுபடி லாக்கர் பூசி, கரியால் தேய்த்து, கடைசியில் மான்கொம்புப் பொடியையும் எண்ணெயையும் தொட்டு விரல் நுனியால் மெருகு ஏற்றுவார்கள். இதற்கு 'மக்கியே' என்று பெயர். அதனால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் தங்கக் கோடு தனித்தனித் துகள்களாகத் தெரியும். ஓரத்தில் துகள் குறைந்து கறுப்பில் கரையும். பாறைகள் மட்டும் லேசாக மேடிட்டிருக்கலாம், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் அது புலப்படும். அச்சடித்ததில் கோட்டின் ஓரம் ஒரே சீராக, ஒரே கனத்தில் நிற்கும். மூடியின் உள்மூலைகளைப் பாருங்கள்: அச்சில் வார்த்த பிளாஸ்டிக் என்றால் மூலைகள் எல்லாம் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றில் தங்கம் தேய்ந்த இடத்தில் அடியில் செம்பழுப்பு தெரிகிறது. பொன்தூளுக்கு அடியில் சிவப்பு லாக்கரில் வரைவது உண்டு என்பதால் அது கைவேலைக்குச் சாதகமான அடையாளம். சாதகம் என்றுதான் சொல்கிறேன், முடிவு என்று சொல்லவில்லை. சூடான ஊசியால் குத்திப் பார், ஆசிட் வைத்துப் பார் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எண்ணெய் பற்றிக் கேட்டீர்கள். தேங்காய் எண்ணெய், ஃபர்னிச்சர் பாலிஷ், மெழுகு, சானிடைசர், ஈரத்துணி, எதுவும் வேண்டாம். தச்சர் யாராவது ஃபிரெஞ்ச் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றால் கண்டிப்பாக வேண்டாம். இது நம் ஊரில் பூச்சியிலிருந்து எடுக்கும் அரக்கு அல்ல. உருஷி என்ற மரத்தின் பால். மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் சேர்ந்த அதே தாவரக் குடும்பம்; சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளிப்பது போலவே காயாத உருஷிப் பால் பட்டாலும் கொப்பளிக்கும். காய்ந்து இறுகிய பெட்டியைத் தொடுவதில் பயமில்லை. பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த ஒரு மரத்தைக் கோடைமுதல் இலையுதிர் காலம்வரை கீறிக் கீறி எடுத்தால் மொத்தம் 200 கிராம் அளவுக்குத்தான் பால் கிடைக்கும். அத்தோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். அந்தப் பால் வெயிலில் காயாது. காற்றில் ஈரம் 70, 80 சதவீதம் இருக்கும் அலமாரியில் வைத்தால்தான் அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி வேலை செய்து அதை இறுகவைக்கும். இறுகிய பிறகு எளிதில் எதுவும் கரைக்காது. 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்குப் போன பொருட்களை ஏற்றித் திரும்பிய நீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் 1874இல் இசு தீபகற்பத்துக்கு அருகே மூழ்கியது. ஒரு வருடத்துக்கு மேல் கடலடியில் கிடந்து எடுக்கப்பட்ட லாக்கர் பொருட்கள் சில நல்ல நிலையிலேயே இருந்தன.

கடல்நீரைத் தாங்கியது வெளிச்சத்தைத் தாங்காது. ஜன்னலோரத்தில் சில வருடம் வைத்தாலே மேற்படலம் மங்கி நுண்ணிய வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பில் விரலின் எண்ணெய்ப் பசை இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. பழுதுபார்ப்பவர்கள் உங்கள் தேங்காய் எண்ணெயைக் கண்டால் வருத்தப்படுவதும் இதனால்தான். இரண்டாவது எதிரி வறட்சி. உள்ளே இருப்பது மரம். ஏசி நேராக வீசும் அறையில் மரம் சுருங்கும், மேலே உள்ள லாக்கர் சுருங்காது, மூலைகளில் பிளக்கும். ஆகவே நல்லெண்ணத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டிக்குள் போடாதீர்கள். 50 முதல் 60 சதவீத ஈரம் அதற்குச் சுகம்; அதைவிட முக்கியம் ஈரம் திடீர் திடீரென்று மாறாமல் இருப்பது. தூசியை மென்மையான, உலர்ந்த ஓவியத் தூரிகையால் தட்டுங்கள். சிப்பி பதித்த இடம் எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால் அங்கே தூரிகைகூட வேண்டாம். பருத்திக் கையுறையின் நூல் அப்படிப்பட்ட இடங்களில் மாட்டி இழுத்துவிடும், ரப்பர் மாதிரியான நைட்ரைல் கையுறை நல்லது. தூக்கும்போது மூடியைப் பிடித்துத் தூக்காமல் அடியில் இரண்டு கையையும் கொடுங்கள். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இருட்டான மர அலமாரியில், தரையை ஒட்டாமல் வைத்தால் போதும். தாத்தாவின் பெட்டியோடு பூச்சு இல்லாத வெறும் மரப்பெட்டி ஒன்று, மூடியில் மையால் ஏதோ எழுதியபடி, வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். ஜப்பானில் நல்ல பொருளை அப்படி ஓர் உறைப்பெட்டியில்தான் வைப்பார்கள். அதில் பொருளின் பெயர், சில சமயம் செய்தவர் பெயர், யார் கையிலிருந்து வந்தது என்பதெல்லாம் இருக்கும். வயதைப் பற்றிய பேச்சுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

நீங்கள் அனுப்பியதெல்லாம் மூடியின் வெளிப்புறப் படங்கள். மூடியை இரண்டு கையாலும் அவசரப்படாமல் நேராக மேலே எடுத்து, உட்புறத்தையும், மைக்கல் இருக்கும் தட்டையும், அடிப்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு சாய்த்துப் பிடித்து ஒரு முறை எடுங்கள். தேய்ந்துபோன எழுத்தின் மேடு இரண்டாவதில்தான் தெரியும். இந்த வகைப் பெட்டிகளில் காட்சி மூடிக்கு உள்ளேயும் தொடர்வதுண்டு. மேலே 'ஷியோ மலை' மட்டும் இருப்பதால், எட்டாயிரம் தலைமுறை என்ற வரியின் எழுத்துகள் உள்ளே இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.